உள்ளே பள்ளம், வெளியே மேடு

கில்பர்ட்டின் காலில் எண்ணெய் தேய்த்த பூட்ஸைப் பார்த்த அன்றைக்கே தாமசினுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. பிப்ரவரி மாதம். பனி உருகி வெண்டர்லி முழுக்கச் சேறு. ஊரே பிய்ந்த தோலைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நடக்கிறது. அப்பன் செத்து இரண்டு வருஷமான பையனுக்கு, மூன்று ஏக்கர்கூட முழுசாக இல்லாதவனுக்கு, அப்படியொரு பூட்ஸ் எங்கிருந்து வரும்?

கிணற்றடியில் இரண்டு பெண்களிடம் அதைச் சொன்னாள். மாவரைக்கப் போன இடத்தில் இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்தக் கில்பர்ட் ப்ரோபர்ட்டுக்குத்தான் ஈஸ்டர் முடிந்ததும் அவள் மகள் ஹெஸ்டரைக் கொடுப்பதாகப் பேச்சு.

மான்கள் காணாமல் போயிருந்த நேரம் அது. வெண்டர்லி மான்காட்டின் சுற்றளவு நாலு மைல். ஓக் மரத்தைப் பிளந்து, ஆள் உயரத்துக்கு மேல் நெருக்கி நட்ட வேலி. ஊரில் முப்பத்தொரு வீடு. வேலியும் முப்பத்தொரு பங்கு. ஒவ்வொரு பங்கின் முதல் கட்டையிலும் வீட்டுக் குறி செதுக்கியிருக்கும். கொல்லர் பார்னபி வீட்டுக்கு லாடம், ப்ரோபர்ட் வீட்டுக்கு மூன்று கோடு. வேலியைக் காப்பதற்குப் பதிலாகக் காட்டில் விழுந்த சுள்ளியும், பன்றி மேய ஓக் கொட்டையும் ஊருக்கு. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கலாம், நெருப்பு வாங்கலாம். பக்கத்து வீட்டுப் பங்கில் ஒரு ஆணி அடிக்கக்கூடாது. தன் பங்கில் மான் தாண்டிவிட்டால் அந்த வீட்டுக்காரன் ஒரு மாதம் கோயிலில் பின்வரிசையில்தான் நிற்பான்.

மான்களுக்குக் காவல் தாமசினின் புருஷன் ஆம்ப்ரோஸ். காட்டு நடுவில் இருந்த காவல்வீடு வேலையோடு சேர்ந்தது. இரண்டு புகைபோக்கி வைத்த வீடு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டு புகைபோக்கியைக் காட்டித்தான் அவள் அப்பா அவளைக் கட்டிக்கொடுத்தார்.

பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் காரியஸ்தர் விட்லாக் குதிரையில் வந்தார். லண்டனில் இருக்கும், காட்டுக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்கு இங்கே கையும் காதும் அவர்தான். ஆம்ப்ரோஸ் தழை போடும் நேரத்தில் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். குளிர்காலத்தில் புல் செத்துவிடும். காவல்காரர் தினம் ஹாலி மரத்து முள்ளிலையையும் ஆஷ் கிளையையும் வெட்டிப் போட்டு, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுப்பார். நூற்றுநாற்பது மான் வந்து நிற்கும். அன்றைக்குப் பத்தொன்பது வந்தன.

"மீதி எங்கே?" என்றார் விட்லாக்.

ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெரியலீங்க ஐயா."

அன்று மத்தியானமே விட்லாக்கின் ஆட்கள் வேலியைச் சுற்றினார்கள். ப்ரோபர்ட் பங்கில் இரண்டு கட்டை ஆடியது. ஓக் கிடைக்காமல் ஆஷ் கட்டையைச் செருகி வைத்திருந்தான் கில்பர்ட். அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஊர் வாயில் அவன் நூற்றிருபது மானை இழுத்துக்கொண்டு போய்ச் சந்தையில் விற்றிருந்தான்.

பத்து நாள் கழித்து வேலிநடை என்று முடிவாயிற்று. ஊரார் பன்னிரண்டு பேர் வேலி முழுக்க நடந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். குற்றம் என்று முடிந்தால் கில்பர்ட் சிறைக்குப் போவான். அவன் அம்மா மார்ஜரி மார்ச் கடைசியில் வரும் மாதா திருநாளுக்குள் வீட்டைக் காலி செய்யவேண்டும். யாரும் குற்றவாளி இல்லையென்றால் மானைத் தொலைத்த காவல்காரருக்கு இனி காவல்வீடு எதற்கு என்று விட்லாக் கேட்பார். தாமசின் படுக்கும்போதும் எழும்போதும் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பூட்ஸு ஏதுடி?" என்றாள் மகளிடம், பட்டாணிக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே.

"எந்தப் பூட்ஸு?"

"ராஜா போட்டுக்கிட்டிருக்காரே, அந்தப் பூட்ஸு. தெரியாத மாதிரி கேக்கிறா பாரு."

"அவன்கிட்டயே கேளேம்மா. வாய் இருக்கு, காது இருக்கு அவனுக்கு."

"கை நீளமா இருக்கான்னுதான் கேக்கிறேன். போன மாசம் ஒரு முயலைக் கொண்டாந்தான். எங்க பிடிச்சேன்னு கேட்டா சிரிக்கிறான்."

"நீ அந்த முயலைத் தின்னேல்ல? காலையும் கடிச்சு எலும்பையும் உறிஞ்சுட்டு இப்ப கேக்கிற."

"தின்னா கேக்கக்கூடாதா?"

ஹெஸ்டர் பார்லி ரொட்டியைப் பிய்த்தாள். சாப்பிடுவதற்காக இல்லை. சும்மா பிய்த்து மேசையில் வரிசையாக வைத்தாள். "நூத்தி இருவது மானும்மா. ரெண்டு கட்டை சந்துல. ஒண்ணொண்ணா, ஒருத்தருக்கும் தெரியாம. அவன் எப்ப தூங்கினான்? ஆட்டுக் கொட்டாயில எங்கூடப் பேசிக்கிட்டிருந்தவன் யாரு, அவன் ஆவியா?"

"ஆட்டுக் கொட்டாயிலயா?"

"ஐயோ அம்மா."

"விடு தாமசின்," என்றார் ஆம்ப்ரோஸ். அதுவரை அவர் அங்கே இருப்பதே தெரியவில்லை.

"நீங்க எதுக்குப் பேசாம இருக்கீங்க? உங்க மானு, உங்க வேலை. திருடனைப் பிடிக்கலேன்னா நாளைக்கு நாம எந்த மரத்தடியில அடுப்பு மூட்டுறது? அவன் அப்படிப்பட்டவனா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

ஆம்ப்ரோஸ் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "கஞ்சி உப்பா இருக்கு," என்றார்.

கஞ்சியில் உப்பு சரியாகத்தான் இருந்தது. தாமசின் இன்னொரு வாய் வைத்துப் பார்த்தாள். ஹெஸ்டரைப் பார்த்தாள். அவளும் தோளைக் குலுக்கினாள்.

அடுத்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. தாமசின் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மார்ஜரியின் வீட்டுக்குப் போனாள். ஈஸ்ட் கொஞ்சம் வேண்டும் என்பது சாக்கு. போனதும் கண் அடுப்புக்குத்தான் போயிற்று. மூடி போட்ட பானை. ஏதோ கொதிக்கிறது.

மார்ஜரி ப்ரோபர்ட் நாற்பத்தைந்து வயதுக்கு மெலிந்த கட்டை. முயல் தோல் பதனிட்டுக் கையெல்லாம் மரப்பட்டை நிறம். அவள் தாமசினின் கண் போகும் இடத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் மூடியைத் தூக்கி, கரண்டியால் ஒரு கிளறு கிளறிக் காட்டினாள்.

"டர்னிப்புக் கிழங்கு. அடியில இன்னும் டர்னிப்பு. கொம்பு ஏதும் தட்டுப்படுதான்னு நீயே கைய விட்டுப் பாரு."

"நான் ஈஸ்ட்டுக்கு வந்தேன்."

"மூக்கை முன்னால அனுப்பிட்டுப் பின்னால வந்திருக்கே. உக்காரு."

தாமசின் உட்கார்ந்தாள். கூரையிலிருந்து ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்த மண்சட்டி பாதி நிறைந்திருந்தது.

"எம்மேல கோவப்படாத மார்ஜரி. எனக்கும் ஒரு மக இருக்கா. கேக்காம எப்படிக் குடுக்கிறது?"

"கேளு. ஆனா எல்லாரும் ஒரு பக்கமே நின்னு கேக்கிறீங்களே, அதுதான் எனக்குப் புரியல. எங்க பங்குல ஒரு குளம்படி உண்டா? ஒரு முடி மாட்டிக்கிட்டிருக்கா? நூறு மான் போன இடம் சந்தைத் தெரு மாதிரி இருக்க வேண்டாமா? அங்க புல்லு நிமிந்து நிக்குது. நான் போய்ப் படுத்துக்கூடப் பாத்தேன்."

"அப்ப வேற எந்தப் பங்குல போயிருக்கும்ங்கிறே?"

"காவல்காரர் பொண்டாட்டி நீயா நானா?" மார்ஜரி ஈஸ்ட்டை ஒரு கோப்பையில் வழித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது கையை விடவில்லை. "எனக்கும் கண்ணு இருக்கு தாமசின். இந்த வருஷம் உன் வீட்டுப் புகைபோக்கி ஒண்ணுதான் புகையுது. ஏன்? இத்தனை வருஷமா ரெண்டும் ராத்திரி பகலா ஊதிக்கிட்டிருக்கும். காவல்காரர் வீட்டுல விறகுக்குப் பஞ்சமா?"

"குளிர் கம்மி," என்றாள் தாமசின்.

"ஆமா ஆமா. என் வீட்டுச் சட்டியில தண்ணி உறையறப்ப உன் வீட்டுல மட்டும் வேனல்."

ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பி வரும் வழியெல்லாம் தாமசின் மார்ஜரியைத் திட்டிக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைப் பக்கம் போய் விறகு அட்டியின் முன்னால் நின்றாள்.

தழையைத் தின்றுவிட்டு மான் பட்டையையும் உரித்துவிடும். எலும்பு மாதிரி வெள்ளையாகக் கிடக்கும் அந்தக் கிளைகள் காவல்காரர் வீட்டுக்குச் சொந்தம். நன்றாக எரியும், புகை இருக்காது. காலையில் தழை வண்டியோடு போகிற ஆம்ப்ரோஸ், நேற்றைய வெள்ளைக் கிளைகளை அள்ளிக்கொண்டு திரும்புவார். பிப்ரவரியில் அட்டி கூரை விளிம்பைத் தொடும். இப்போது அவள் இடுப்புக்குத்தான் இருந்தது. தினமும் அதிலிருந்து விறகு எடுத்தவள் அவள்தான். குறைவாக எரிக்கவேண்டும் என்று யாரும் சொல்லாமலே நவம்பரிலிருந்து உள்ளறை அடுப்பை மூட்டாமல் விட்டவளும் அவள்தான்.

ஆனால் வண்டியில் தழை குறைந்ததா? அதுவும் இல்லை. தினமும் ஏற்றிக் கட்டிக்கொண்டு போனதை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். வண்டி நிறையத் தழை போகிறது. கால் வண்டி வெள்ளைக் கிளைதான் வருகிறது. மீதிக் கிளை எங்கே?

மறுநாள் காலையில் ஆம்ப்ரோஸ் ஒரு பக்கம் போனதும் அவள் இன்னொரு பக்கமாக நடந்தாள். மூடுபனி முழங்கால் அளவுக்குப் படுத்திருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு வீட்டுக் குறியாகக் கடந்து வடக்குமூலைக்கு வந்தாள். அங்கேதான் மான்தாண்டி.

முப்பத்தொரு வீட்டுக்கும் சேராத ஒரே இடம் அது. இருபதடி நீளத்துக்கு வேலி பாதி உயரம்தான். ஆனால் உள்ளே ஆழமாகப் பள்ளம், வெளியே மண்மேடு. மலைக்காட்டிலிருந்து வரும் மான் மேட்டில் ஏறி உள்ளே குதித்துவிடும். உள்ளே வந்தது பள்ளத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்க்கவேண்டியதுதான். தாண்டி வழியே மான் வரும், போகாது என்று வெண்டர்லியில் பழமொழியே உண்டு. மாப்பிள்ளை வீட்டோடு தங்கிவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில், மிக்கேல் திருநாளுக்குக் காவல்காரர் பள்ளத்தைத் தூர் வாரி, மண்ணை வெளிமேட்டில் போடுவார். மான்தாண்டி காவல்வீட்டின் பங்கு. மற்றவர்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மானை உள்ளே கொண்டுவரும் இடத்தில் எதைப் பார்ப்பது?

தாமசின் பள்ளத்தில் காலை வைத்தாள். கால் இறங்கவில்லை.

காய்ந்த பெரணித் தழையை விலக்கினாள். கீழே மண் இளகலாக, சரிவாக, வேலியின் மேல்விளிம்பு வரைக்கும் ஏறிப் போயிற்று. அதில் குளம்படி மேல் குளம்படி. ஏறிப்போய் எட்டிப் பார்த்தாள். வெளிப்பக்கத்து மேட்டைக் காணோம். அங்கே செங்குத்தாகப் பள்ளம். போன மான் நினைத்தாலும் திரும்ப முடியாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மலைக்காட்டை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றாக, குவியல் குவியலாக வெள்ளைக் கிளைகள். மானை வெளியே அழைத்துப் போகத் தழை போட்ட தடம். அவள் வீட்டு விறகு.

மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். கொட்டகையில் ஆம்ப்ரோஸ் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கொட்டினாள்.

"இது என் விறகு," என்றாள்.

தீட்டுக்கல் இன்னும் இரண்டு தடவை போய்வந்தது. அப்புறம் நின்றது.

"உக்காரு."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"மிக்கேல் திருநாளுக்குப் பத்து நாள் முன்னால விட்லாக் வந்தார்ல, நீ கூட ஈரல் வறுத்துக் குடுத்தியே. அன்னிக்கு ஒரு கடுதாசி படிச்சார். மாதா திருநாளுக்குள்ள மொத்தத்தையும் அடிச்சுடணுமாம். சினை, குட்டி எல்லாம். கறிக்கு ஆள் பாத்தாச்சு. காட்டை வெட்டிக் கோதுமைக்குக் குத்தகை விடப்போறாங்க. வெளிய சொல்லக்கூடாது, தெரிஞ்சா ஊரு ஆளுக்கொண்ணாத் தூக்கிட்டுப் போயிடும்னார். சத்தமில்லாம முடிச்சா இந்த வீடு என் ஆயுசுக்கும் எனக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

கொட்டகைக் கூரையில் ஒரு காக்கை தத்திக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் அண்ணாந்து பார்த்தார்.

"சரின்னுட்டுத்தான் தூர் வாரப் போனேன். முதல் மண்வெட்டி மண்ணு உள்பக்கம் விழுந்துச்சு. கை தப்பித்தான். ரெண்டாவது கை தப்பல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெரிஞ்சா நீ பொய் சொல்லணும். உனக்குப் பொய் சொல்ல வராது தாமசின். மூஞ்சி சிவந்துடும்."

"கில்பர்ட்டு?"

"அதை நான் நினைக்கல. வெளியில பழைய காட்டு மானோட சேந்து போச்சுன்னு விட்டுருவாங்கன்னுதான்..."

"நினைச்சதுக்கப்புறம்?"

அவர் அரிவாளின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"எட்டு நாளாச்சு," என்றாள் தாமசின். குரல் உயரவில்லை. "எட்டு நாளா நான் அந்தப் பிள்ளையைத் திருடன் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். பெத்த மக எதிர்ல உக்காந்து அழாம அழறா. நீ அந்த மேசையில உக்காந்துக்கிட்டு, கஞ்சி உப்பா இருக்குங்கிற."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை நீ என்றது அதுதான் முதல் தடவை.

"சொன்னா வீடு போயிடும்," என்றார் அவர். "எனக்கென்ன, எங்கயும் படுத்துக்குவேன். உனக்குத்தான். ரெண்டு புகைபோக்கி வெச்ச வீடுன்னுதானே உங்கப்பா..."

"எங்கப்பாவை இதுல இழுக்காத."

கோபமாக வெளியே வந்தாள். வந்து முற்றத்தில் நின்று அந்த இரண்டு புகைபோக்கியையும் பார்த்தாள். ஹெஸ்டர் பிறந்த அறை. ஜன்னலுக்குக் கீழே அவள் நட்ட ஆப்பிள் மரம். வருஷத்துக்கு இரண்டு பீப்பாய் கள் கொடுக்கிறது. கூரை ஒழுகாத வீடு. மார்ஜரியின் மண்சட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் காதில் கேட்டது.

அன்று முழுக்க ஹெஸ்டரிடம் பூட்ஸ் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவுமில்லை. இரண்டு கட்டைதானே ஆடியது, பன்னிரண்டு பேரும் ஊர்க்காரர்கள்தானே, விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் முகம் சிவப்பது அவளுக்கே தெரிந்தது.

வேலிநடை அன்று வெயில் வந்தது. ஒவ்வொரு வீடும் தன் பங்கின் முன்னால் நிற்கவேண்டும். பன்னிரண்டு பேரும் வருவார்கள். முன்னால் கொல்லர் பார்னபி, கையில் ஓக் தடி. "இது யார் வீட்டு வேலி?" என்பார். "என் வீட்டுது," என்று வீட்டுக்காரர் சொல்லவேண்டும். பார்னபி ஒவ்வொரு கட்டையையும் தடியால் தட்டுவார். வடக்குமூலைக்கு அடுத்த பங்கில் தொடங்கி, சுற்றி வந்து, வடக்குமூலையில் பெரிய ஹாலி மரத்தடியில் முடியும். அங்கே காவல்காரர் பீப்பாயோடு காத்திருந்து எல்லோருக்கும் ஆப்பிள் கள் ஊற்றுவார். மான்தாண்டி அதற்கு நாற்பதடி அப்பால். கள்ளை விட்டுவிட்டு அங்கே போனவர் கிடையாது.

தாமசின் ஊர்ப் பெண்களோடு பின்னால் நடந்தாள். ப்ரோபர்ட் பங்கில் மார்ஜரியும் கில்பர்ட்டும் நின்றார்கள். ஹெஸ்டர் யாரையும் கேட்காமல் போய் கில்பர்ட் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"இது யார் வீட்டு வேலி?"

"எங்க வீட்டுதுங்க," என்றான் கில்பர்ட்.

பார்னபி தட்டினார். இரண்டு கட்டை ஆடின. விட்லாக் குதிரை மேலிருந்தே குனிந்தார். அவர் பார்த்தது வேலியை இல்லை.

"அந்தப் பூட்ஸ் ஏது? காவல்காரர் வீட்டிலேயே சந்தேகப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்."

கில்பர்ட் காலைப் பார்த்தான். "அப்பாவோடதுங்க. பெட்டியில இருந்துச்சு. கல்யாணத்துக்குப் போட்டுக்கன்னு அம்மா புது அடித்தோல் வெச்சுக் குடுத்தாங்க. பெருசா இருக்கு, பழகட்டும்னு போட்டு நடந்தேன்." ஒரு காலைத் தூக்கிக் கழற்றினான். உள்ளே வைக்கோல் திணித்திருந்தது.

யாரோ சிரித்தார்கள். விட்லாக் சிரிக்கவில்லை. "அப்பா பூட்ஸ் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஊரே பேசுகிறதே."

ஊரில் அதை முதலில் பேசிய வாய் தாமசினின் வாய். மார்ஜரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு பேரும் நகர்ந்தார்கள். தாமசின் கூட்டத்திலிருந்து விலகிக் காட்டுக்குள் குறுக்கே நடந்தாள்.

ஹாலி மரத்தடியில் ஆம்ப்ரோஸ் கரண்டியோடு காத்திருந்தார். பன்னிரண்டு பேரும் வந்தார்கள், பின்னால் ஊரும் வந்தது. முதல் கோப்பையை பார்னபியிடம் நீட்டினார். பார்னபி வாங்கவில்லை. அவர் கண் நாற்பதடிக்கு அப்பால் போயிருந்தது.

"அங்க யாரு நிக்கிறது?"

மான்தாண்டியின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் பங்கில் நிற்கிற மாதிரியே தாமசின் நின்றுகொண்டிருந்தாள்.

"நடை முடியல பார்னபி," என்றாள். "ஒரு வீடு இன்னும் நிக்குது."

"தாண்டியில என்னத்தப் பாக்கிறது தாமசின்? வா, கள்ளு ஆறுது."

"கள்ளு என்னிக்கு ஆறியிருக்கு? ஆள் நின்னா வந்து பாக்கணும்கிறது முறை. பாத்துட்டுக் குடி."

விட்லாக் சலித்துக்கொண்டார். ஆனால் முறை என்று சொன்ன பிறகு பன்னிரண்டு பேரில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. பார்னபி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். வந்து அவள் முன்னால் நின்று, எல்லோரிடமும் கேட்டதைக் கேட்டார்.

"இது யார் வீட்டு வேலி?"

அதற்கு வீட்டுக்காரர்தான் பதில் சொல்லவேண்டும். தாமசின் ஹாலி மரத்தைப் பார்த்தாள். ஆம்ப்ரோஸ் அசையாமல் நின்றார். இந்த மனுஷன் வராவிட்டால், இவ்வளவு பேர் முன்னால் தானே வாய் திறந்து காட்டிக்கொடுக்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்புறம் அவர் கரண்டியைப் பீப்பாயின் மேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. நாற்பதடியையும் மெதுவாக நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"என் வீட்டுது," என்றார்.

பார்னபி பள்ளத்தை நோக்கித் தடியைக் குத்தினார். இளகிய மண்ணில் தடி பாதி வரை போயிற்று. சரிவில் ஏறினார். வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கிளைகளை ரொம்ப நேரம் பார்த்தார். இறங்கி வந்தபோது அவர் முகம் உலை முன்னால் நின்ற மாதிரி இருந்தது.

"நீயா ஆம்ப்ரோஸ்?"

"நான்தான். மொத்தத்தையும் அடிக்கச் சொன்னாங்க. காட்டை வெட்டி வயலாக்கப் போறாங்க. சுள்ளி, ஓக் கொட்டை ஒண்ணும் உங்களுக்கு இனிமே இல்ல. ஐயாவையே கேளுங்க."

முப்பத்தொரு வீடும் விட்லாக்கின் பக்கம் திரும்பியது. அவர் குதிரையின் கடிவாளத்தைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு பேரும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். பார்னபி தீர்ப்பைச் சொன்னார். "ப்ரோபர்ட் வீட்டுல ரெண்டு கட்டை மாத்தணும். காவல்வீட்டுல தூர் வாரின மண்ணு பக்கம் மாறி விழுந்திருக்கு. பிசகு. திருட்டு இல்ல. பிசகு பண்ணின காவல்காரர் மாதா திருநாளுக்கு வீட்டைவிட்டுப் போகணும்." சிறைக்குப் போகவேண்டியதை வீட்டோடு நிறுத்தினார்கள். விட்லாக் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டு பேர் சொன்னது சொன்னதுதான்.

ஊர் நல்ல ஊர்தான். அதற்காகத் தெய்வப்பிறவிகள் என்று சொல்ல முடியாது. மிச்சமிருந்த பத்தொன்பது மானும் இரண்டு வாரத்துக்குள் காணாமல் போயின. நோன்புக் காலம் அது, கறி தின்னக்கூடாது. ஆனாலும் வெண்டர்லியில் நிறைய வீட்டுப் புகை வாசனையாக வந்தது. விட்லாக் பயந்தபடியேதான் நடந்தது. அந்த வாசனை வரும் பக்கமாக ஆம்ப்ரோஸ் நடப்பதை நிறுத்திவிட்டார்.

மாதா திருநாளன்று சாமானை வண்டியில் ஏற்றினார்கள். எங்கே போவது என்று தெரியாமல் தாமசின் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மார்ஜரி வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தாள்.

"பின்னால ஒரு அறை இருக்கு. ஒழுகும். சட்டியை நீயே கொண்டுவா."

"மார்ஜரி, அந்தப் பூட்ஸு விஷயம்..."

"நடக்கிற வேலையப் பாரு. டர்னிப்பு அடுப்புல இருக்கு."

ஹெஸ்டருக்கும் கில்பர்ட்டுக்கும் ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் நடந்தது. ஹெஸ்டர் அப்பாவிடம் அறுப்பு வரைக்கும் பேசவில்லை. ஒருநாள், "அப்பா, ரொட்டி," என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். ஓக் மரங்கள் சாய்ந்தன. வேலிக் கட்டைகளைப் பிடுங்குகிற கூலி வேலைக்கு ஆம்ப்ரோஸும் போனார். மான்தாண்டியை நிரவிக் கோதுமை விதைத்தார்கள். எவ்வளவு மண் போட்டும் அந்த இடம் உட்கார்ந்துகொண்டே இருந்தது. இன்றைக்கும் அங்கே ஏர் ஒரு சாண் இறங்கும்.

அடுத்த ஜனவரியில் பனி கெட்டியாகப் பெய்தது. மார்ஜரியின் வீட்டில் ஒரே அடுப்பு, ஐந்து பேர். ஒருநாள் காலையில் மார்ஜரி விறகை எண்ணிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தாமசின், உன் புருஷன் விடிஞ்சதும் அரிவாளை எடுத்துக்கிட்டுப் போறான். கிளை வெட்டுற சத்தமும் கேக்குது. வரும்போது வெறுங்கையோட வர்றான். மலைக்காட்டுப் பக்கம் என்ன வேலை அவனுக்கு?"

தாமசின் பார்லி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஆம்ப்ரோஸின் கோட்டுக் கையில் ஒட்டியிருந்த பழுப்பு மான்முடியை அவள் மூன்று நாளைக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். பார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டாள்.

"இடுப்பு பிடிச்சிருக்கு அவருக்கு. குளிர்ல நடந்தா சரியாப் போகும்னு நான்தான் போகச் சொன்னேன்."

"அரிவாளோடயா?"

"ஊன்றிக்கிட்டு நடக்கத்தான்."

மார்ஜரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாமசின் குனிந்து மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தாள். காது வரைக்கும் சூடேறியது.

"உனக்குப் பொய் சொல்ல வரல தாமசின்," என்றாள் மார்ஜரி. எழுந்து போய், இருந்த விறகில் ஒன்றை மட்டும் அடுப்பில் வைத்துவிட்டு, இன்னொன்றைத் திரும்ப அட்டியிலேயே போட்டாள்.